மடக்கு ரிவால்வரா, பிஸ்டலா: .32 உரிமம் பெற்றவர் முன்னுள்ள தேர்வு

கைத்துப்பாக்கி உரிமம் கையில் கிடைத்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பதினேழு தோட்டா பிடிக்கும் பிஸ்டல் ஒன்றுக்கு ஆசைப்படுவதுதான். அந்த ஆசைக்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை என்பது கடைப்படி ஏறிய பிறகே தெரியவரும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட துளை அளவு, தடைசெய்யப்படாத துளை அளவு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டலும் .38 ரிவால்வரும் முதல் வகையில் அடங்கிவிடுவதால், தற்காப்புக்கென்று வாங்கும் சாதாரணக் குடிமகனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32, அதாவது .32 அங்குலத் துளை அளவு, மட்டுமே. தனியார் இறக்குமதி எண்பதுகளிலேயே நின்றுபோனதால், அதற்கு முன் வந்து சேர்ந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் இன்று லட்சக் கணக்கான ரூபாய் விலைக்குக் கைமாறுகின்றன. அவை நம்மில் பெரும்பாலோரின் கணக்கில் வருவதில்லை. அண்மைக் காலத்தில் தனியார் தயாரிப்புகள் சில வரத் தொடங்கியிருந்தாலும், நீண்ட காலமாக இந்தச் சந்தையில் எதிரெதிரே நிற்பவை அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளின் இரண்டு பொருள்களே: சுழலும் உருளையில் தோட்டா நிரப்பும் கான்பூரின் .32 ரிவால்வர், கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கிய மேகசினைச் செருகும், அஷானி என்ற பெயரில் விற்கும் .32 பிஸ்டல்.

இந்தத் தேர்வை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. பிடிக்கவில்லை என்றால் கைப்பேசியை மாற்றுவதுபோல மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. விற்பதற்கும் வாங்குவதற்கும் தனித்தனியே உரிம அலுவலகத்தின் படியேற வேண்டும்.

ஒப்பீட்டுக்குள் நுழையுமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இரண்டும் .32 என்பதால் ஒரே தோட்டாவைச் சுடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ரிவால்வர் சுடுவது 1896இல் அமெரிக்காவில் பிறந்த, 23 மி.மீ. நீளக் கூடு கொண்ட, அடியில் அகன்ற விளிம்புள்ள தோட்டா. பிஸ்டல் சுடுவது 1899இல் ஜான் பிரௌனிங் வடிவமைத்த, 17 மி.மீ. நீளக் கூடு கொண்ட, விளிம்பு மிகச் சிறிதாக மட்டும் துருத்தும் தோட்டா. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. ஆகவே தோட்டா வாங்கும்போது வெறுமனே ‘முப்பத்திரண்டு’ என்று கேட்டால் போதாது. ரிவால்வருக்கா பிஸ்டலுக்கா என்று சொல்லியே கேட்க வேண்டும். இவற்றின் ஆற்றலில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றலில் பாதிக்கும் குறைவானவை. ‘எது அதிக சக்தி வாய்ந்தது’ என்ற கேள்வி எனவே இங்கே எழவே வேண்டியதில்லை. கடைக்காரரிடம் அந்த ஒரு கேள்வியில்தான் பாதி நேரம் போகிறது என்பது வேறு விஷயம்.

கான்பூர் ரிவால்வர் புதிதாகத் தயாரிக்கப்படுவதாயினும் அதன் குலம் மிகப் பழையது. பர்மிங்காமின் வெப்லி நிறுவனத்து ரிவால்வரை பிரிட்டிஷ் ராணுவம் 1887இல் ஏற்றுக்கொண்டது. காலனிய இந்தியாவின் அதிகாரிகளும் பின்னர் காவல்துறையினரும் இடுப்பில் தொங்கவிட்டது பெரும்பாலும் அந்த வம்சத்துத் துப்பாக்கியைத்தான். திரைப்படங்களில் காணும் அமெரிக்க ரிவால்வரில் தோட்டா உருளை பக்கவாட்டில் வெளியே வரும். வெப்லி வகையிலோ துப்பாக்கியே நடுவில் மடியும். சுத்தியலுக்கு அருகே உள்ள நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திக் குழலைக் கீழ்நோக்கித் தணித்தால், உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, ஆறு தோட்டாக்களையும் விளிம்பைப் பிடித்து ஒருசேர மேலே தூக்கும். முழுவதும் மடக்கினால் ஆறும் வெளியே விழும். தகடு ‘டக்’கென்று பழைய இடத்துக்குத் திரும்பும். கான்பூரின் .32 இந்த அமைப்பை அப்படியே வைத்திருக்கிறது. 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று விளம்பரம் செய்து, டைட்டானியம் கலப்பு உலோகத்தில், ஏறத்தாழ 500 கிராம் எடையில், 1,22,360 ரூபாய் விலையில் வெளியிடப்பட்ட ‘நிர்பீக்’கும் .32 ரிவால்வர்தான். பெயரும் உலோகமும் புதியவை, சுடும் முறை தாத்தா காலத்தது.

இந்த மடக்கு முறையின் அருமையை நான் உணர்ந்தது சுடுதளத்தில் அன்று, காவல் நிலையத்தில். சிறுமலை அடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பாவிடம் ஒரு .32 ரிவால்வர் இருந்தது. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமதாரர்கள் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும் என்பதால், ஐந்தாண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது அவரோடு அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். எழுத்தர் தலை நிமிராமலே, “லோடு இருக்குங்களா ஐயா?” என்பார். பெரியப்பா பதில் சொல்லமாட்டார். மேசைமேல் ரிவால்வரை மடக்கிக் காட்டுவார். ஆறு வட்டத் துளைகள், ஆறின் வழியாகவும் அந்தப் பக்கத்து வெளிச்சம். எழுத்தர் ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். ஒருமுறை அடுத்து நின்றவர் பிஸ்டல் கொண்டுவந்திருந்தார். அதன் மேகசினைக் கழற்றி வைத்து, “காலிங்க” என்றார். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிஸ்டல்காரருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மேல்மூடியைப் பின்னுக்கு இழுத்தார். ஒரு தோட்டா வெளியே தெறித்து மேசைக்கடியில் உருண்டது. அதன் அடியில் கட்கி தோட்டாத் தொழிற்சாலையின் கே.எஃப். என்ற முத்திரை இருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, ஏனெனில் குனிந்து எடுத்துக் கொடுத்தவன் நான்.

அந்த மனிதர் அலட்சியக்காரர் அல்லர். பிஸ்டலின் அமைப்பே அப்படிப்பட்டது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் அடுக்கி இருக்கும். மேல்மூடியை, அதாவது ஸ்லைடை, ஒருமுறை பின்னுக்கு இழுத்து விட்டால் முதல் தோட்டா குழலின் பின்புற அறைக்குள் ஏறிக்கொள்ளும். அதன் பிறகு மேகசினைக் கழற்றினாலும் ஏறிய தோட்டா அறையிலேயே இருக்கும். சுடும்போது தோட்டாவின் பின்னுதைப்பு ஸ்லைடைப் பின்னால் தள்ளிப் பழைய கூட்டை வெளியே எறிகிறது. ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறுகிறது. மேகசினில் தோட்டா மிஞ்சியிருக்கும்வரை, ஒருமுறை சுட்ட பிஸ்டலும் எனவே சுடத் தயாரான பிஸ்டலே. ‘மேகசினை எடுத்துவிட்டேன், காலியாகத்தான் இருக்கும்’ என்ற நினைப்பில் நடந்த விபத்துகள் உலகெங்கும் ஏராளம். மேகசின் இல்லாவிட்டால் விசை இயங்காதபடி தடுக்கும் அமைப்பு சில பிஸ்டல்களில் உண்டு, பலவற்றில் இல்லை. புகழ்பெற்ற கிளாக் போன்ற சிலவற்றைத் துடைப்பதற்குக் கழற்றும்போதே விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். அறையைப் பார்க்க மறந்தவருக்கு அந்த ஒரு அழுத்தமே போதும். மடக்கு ரிவால்வரில் நிலைமையை மறைக்க இடமே இல்லை. மடக்கினால் எல்லாம் வெளியே வந்துவிடும், சுட்டதும் சுடாததும் சேர்த்தே.

சேர்த்தே என்பது அதன் குறையும்கூட. இரண்டு தோட்டா சுட்டபின் அந்த இரண்டை மட்டும் மாற்றுவது மடக்கு ரிவால்வரில் எளிதன்று. அவசரத்தில் முழுவதும் மடக்கினால் நல்ல தோட்டா நான்கும் தரையில் கிடக்கும். துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்து மடக்கினால், காலிக்கூடு ஒன்று வெளியே விழாமல் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது உருளை மூடவும் முடியாது, சுற்றவும் முடியாது. இதைப் பழகியவர்கள் குழல் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, ஒரே வீச்சில் மடக்குவார்கள்.

இவ்வளவு தெளிவான துப்பாக்கியைக் கைவிட்டு உலகம் ஏன் பிஸ்டலுக்குப் போனது என்ற கேள்விக்கு அமெரிக்கக் காவல்துறையின் அனுபவம்தான் விடை. அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் இங்கே பிஸ்டலுக்காக வாதிடுபவர்கள் அனைவரும் அறிந்தோ அறியாமலோ அங்கிருந்துதான் தங்கள் வாதங்களை எடுக்கிறார்கள். 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் என்ற இடத்தில், நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களிடம் இருந்த கைத்துப்பாக்கிகள் ஆறு தோட்டா ரிவால்வர்கள். ஒருவர் காலியான உருளையில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். அதன்பின் ஆறையும் ஒரே நேரத்தில் செருகும் விரைவு நிரப்பிகள் அந்தப் படைக்கு வந்தன, ரிவால்வர் மாறவில்லை. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு மோதினர். அதிகாரிகளில் பெரும்பாலோரிடம் ரிவால்வர், சிலரிடம் 9 மி.மீ. பிஸ்டல், எதிரியிடம் ஓர் அரைத் தானியங்கி ரைஃபிள். இரண்டு அதிகாரிகள் இறந்தனர், ஐவர் காயமடைந்தனர். கையில் குண்டு பாய்ந்த அதிகாரி ஒருவரால் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்பவே முடியவில்லை. இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எஃப்.பி.ஐ. பிஸ்டலுக்கு மாறியது, நாடெங்கும் காவல் படைகள் பின்தொடர்ந்தன. அந்த மோதலை முடித்துவைத்தது என்ன என்பதை மட்டும் பலரும் சொல்வதில்லை. ஒரு கை செயலிழந்த நிலையில் ஓர் அதிகாரி எழுந்து நடந்துபோய், தன் ரிவால்வரின் ஆறு தோட்டாக்களையும் சுட்டு முடித்தார். ரிவால்வருக்கு விடைகொடுத்த சண்டையை முடித்ததும் ஒரு ரிவால்வர்தான்.

பிஸ்டலுக்கு மாறுவதும் நினைத்தவுடன் நடந்துவிடவில்லை. நியூயார்க் நகரக் காவல்துறை 1993இல் தன் படைக்கு 9 மி.மீ. பிஸ்டல்களை அனுமதித்தபோது, ரிவால்வரின் கனமான விசைக்குப் பழகிய விரல்கள் மெல்லிய விசையில் தவறுதலாகச் சுட்டுவிடுமோ என்று அஞ்சியது. அதனால் விசையின் இழுவிசையை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோவாக உயர்த்திய பிறகே காவலர் கையில் கொடுத்தது. ஏற்கெனவே ரிவால்வர் வைத்திருந்த சிலர் அதை 2018 வரை விடவில்லை.

இப்போது நம் உரிமதாரரிடம் வருவோம். அமெரிக்கக் காவலரின் முடிவுக்குக் காரணமானவை மூன்று: பதினைந்து, பதினேழு என்று நிறையத் தோட்டா, நொடியில் மாற்றக்கூடிய மேகசின், சம்பளத்தோடு கிடைக்கும் இடைவிடாத பயிற்சி. நம் .32 பிஸ்டலில் முதல் காரணம் கரைந்துபோகிறது. ரிவால்வரைவிட ஓரிரு தோட்டாதான் கூடுதல். இரண்டாவது, கையில் இன்னொரு நிரப்பிய மேகசினோடு நடமாடுபவருக்குத்தான் பொருந்தும். நள்ளிரவில் கதவுச் சத்தம் கேட்டு எழும் தோட்டக்காரரிடமோ நகைக்கடைக்காரரிடமோ அது இருக்கப்போவதில்லை. மூன்றாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2016ஆம் ஆண்டு விதிகள் உரிமத்துக்கு முன்பே பாதுகாப்புப் பயிற்சிச் சான்றைக் கேட்கின்றன என்றாலும், அந்தச் சான்றுக்குப் பிறகு ஒரு தோட்டாகூடச் சுடாத உரிமதாரர்கள் எனக்குத் தெரிந்தே பலர். தோட்டாக்களின் உச்ச அளவு உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும், விலையும் குறைவன்று, ரைஃபிள் சங்கம் உள்ள ஊரில் வசிப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குச் சட்டப்படி சுட்டுப் பழக இடமும் இல்லை. ஆகவே அங்கே பிஸ்டல் வென்றது என்பதால் இங்கேயும் பிஸ்டலே சிறந்தது என்பது கணக்கு சரியாக வராத வாதம்.

ஆனால் இதைச் சொன்னவுடன் ரிவால்வர்க்காரர்கள் ‘ரிவால்வர் எளிது, யாரும் சுடலாம்’ என்று கொடி பிடிப்பார்கள். இதுவும் பாதி உண்மைதான். கையாள்வது எளிது, குறியில் சுடுவது கடினம். சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தாமல், விசையை மட்டும் அழுத்திச் சுடும்போது, அந்த ஒரே விரல் உருளையையும் சுற்ற வேண்டும், சுத்தியலையும் தூக்க வேண்டும். நல்ல அமெரிக்க ரிவால்வரிலேயே இதற்கு நான்கரை முதல் ஐந்தரைக் கிலோ வரை அழுத்தம் வேண்டும். கான்பூர் ரிவால்வரின் விசை அதைவிட இறுக்கம் என்பது அதைச் சுட்டவர்கள் பொதுவாகச் சொல்லும் குறை. 700 கிராம் எடையுள்ள ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன்மீது ஐந்து கிலோ அழுத்தம் கொடுப்பதை எண்ணிப் பாருங்கள்: விரல் இழுத்து முடிப்பதற்குள் குழல் நுனி பக்கவாட்டிலோ கீழ்ப்பக்கமோ நகர்ந்திருக்கும். பத்து மீட்டரில் முதல்முறை சுடுபவரின் தாளில் துளையே விழாமல் போவது சாதாரணம். சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்துவைத்துச் சுட்டால் விசை ஒன்றரை, இரண்டு கிலோவாக இளகி, குறி அழகாக விழும். ஆனால் பதற்றத்தில் நடுங்கும் கையில் சுத்தியல் நிறுத்திய ரிவால்வரைப் போல ஆபத்தானது வேறில்லை. சுடாமல் அதை மெல்ல இறக்கிவைப்பதும் தனிப் பழக்கம். பிஸ்டலிலோ பெரும்பாலும் விசை இலகுவாகவும் ஒரே சீராகவும் இருக்கும். சுடுதளத்தில் இருவருக்கும் ஒரே நாள் பயிற்சி கொடுத்தால், மாலையில் பிஸ்டல்காரரின் தாள்தான் பார்க்க நன்றாக இருக்கும். இதை ஒப்புக்கொள்ளாமல் ரிவால்வரைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது.

பழுது என்று வரும்போதும் இரண்டு தரப்பும் பாதி உண்மையே பேசுகின்றன. பிஸ்டல் சிக்கிக்கொள்ளும் என்பது பழைய குற்றச்சாட்டு. 1911 மார்ச்சிலேயே, அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையில் பிரௌனிங்கின் .45 பிஸ்டல் 6,000 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டுக் காட்டிவிட்டது. நல்ல பிஸ்டல், நல்ல தோட்டா, உறுதியான பிடி மூன்றும் சேர்ந்தால் சிக்கல் அரிது. ஆனால் மூன்றில் ஒன்று தவறினாலும் அது தலைதூக்கும். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னேறாமல் காலிக்கூடு வாயிலேயே மாட்டிக்கொள்ளும். .32 பிஸ்டலுக்கென்று தனியாக ஒரு நோயும் உண்டு: அதன் தோட்டாவுக்குச் சிறு விளிம்பு இருப்பதால், மேகசினில் அடுக்கும்போது மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். பிறகு ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. மேகசினைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். அடுக்கும்போதே ஒவ்வொரு தோட்டாவையும் முந்தியதற்குச் சற்று முன்னால் தள்ளிவைப்பது இதற்கு வழி.

தோட்டா வெடிக்காமல் போனால் ரிவால்வர்க்காரர் செய்ய வேண்டியது விசையை இன்னொரு முறை அழுத்துவது மட்டுமே. உருளை அடுத்த தோட்டாவைக் கொண்டுவந்துவிடும். பிஸ்டல்காரர் ஸ்லைடை இழுத்துப் பழையதை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு கையும், அதைவிட முக்கியமாக, பதற்றத்திலும் மறக்காத பழக்கமும் வேண்டும். ஆண்டுக்கணக்கில் மாற்றாத, எண்ணெய் பட்ட, ஈரம் கண்ட தோட்டாக்களை நாம் எவ்வளவு அலட்சியமாக வைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால், ரிவால்வரின் பக்கம் என் மனம் சாய்வதற்கு இந்த ஒன்றே பெரிய காரணம். எனினும் ரிவால்வர் பழுதானால் அது சிறு பழுதாக இருப்பதில்லை. நட்சத்திரத் தகட்டுக்கடியில் எரியாத மருந்துத் துகள் சேர்ந்தாலோ, தோட்டாவின் அடியில் சுத்தியல் அடிபடும் கேப் துருத்தினாலோ உருளை சுற்றாது. உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங் ஒடிந்தால் உருளை குழலுக்கு நேராக நிற்காது. பிஸ்டலின் சிக்கலைக் கையாலேயே நொடியில் தீர்த்துவிடலாம். ரிவால்வரின் சிக்கலுக்கு ஆயுதம் பழுதுபார்ப்பவரைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் தோட்டாவோடு கிடக்கும் துப்பாக்கிக்கு ரிவால்வரே சிறந்தது, பிஸ்டலின் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்ற வாதத்தை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. நல்ல ஸ்பிரிங் அழுந்தியே இருப்பதால் தளர்வதில்லை. திரும்பத் திரும்ப அழுந்தி விரிவதால்தான் தேய்கிறது. உண்மையான பகை நம் ஊர்க் காற்று. சென்னையிலோ தூத்துக்குடியிலோ துப்பாக்கியைத் தோலுறைக்குள் மூடி வைத்தால், தோல் பதனிட்ட உப்பும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து ஒரு மழைக்காலத்திலேயே குழலின்மேல் செம்பொட்டுகளைக் கொண்டுவந்துவிடும். இது இரண்டுக்கும் பொது. அதைவிட, வீட்டில் குழந்தை இருக்குமானால் தோட்டாவோடு இழுப்பறையில் கிடக்கும் துப்பாக்கி எந்த வகையாயினும் தவறுதான். பூட்டிய பெட்டகத்தில் துப்பாக்கி, தனியே பூட்டிய இடத்தில் தோட்டா. அங்கேயும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. பிஸ்டலின் ஸ்லைடை இழுக்கச் சிறு குழந்தையின் கைக்குப் பலம் போதாது. அறையில் தோட்டா ஏற்றாமல் வைத்திருந்தால் அது ஓரளவு தடை. ரிவால்வரின் விசை கனமானது என்றாலும், இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தும் குழந்தையை அது தடுக்கும் என்று நம்பி வைக்கக் கூடாது.

கையின் பலத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். எளிய .32 பிஸ்டல்களில் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் இறுக்கமும் மட்டுமே பின்னுதைப்பைத் தாங்குவதால், தோட்டா சிறிதாயினும் ஸ்லைடு இறுக்கமாகவே இருக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்களும், கைப்பிடியில் பலம் குறைந்தவர்களும் அதை இழுக்கத் திணறுவார்கள். அதே ஆள் ரிவால்வரின் கனத்த விசையிலும் திணறக்கூடும். ‘பெண்களுக்கு ரிவால்வர்’ என்று பொதுவாகச் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. வாங்கப்போகிறவர் இரண்டையும் காலியான நிலையில் கையில் எடுத்து, இதில் ஸ்லைடைப் பத்து முறை, அதில் விசையைப் பத்து முறை இழுத்துப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும். உடலோடு வைத்துச் செல்பவர்களுக்குப் பிஸ்டலே வசதி; அது தட்டையாக இடுப்போடு ஒட்டிக்கொள்ளும், ரிவால்வரின் உருளை சட்டைக்கு வெளியே புடைத்துத் தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும்.

என் பரிந்துரை இப்படி அமைகிறது. ரைஃபிள் சங்கத்தில் உறுப்பினராகி, மாதம் ஒருமுறையாவது சுட்டு, துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிப்பதைப் பல் துலக்குவதுபோல வழக்கமாக்கிக்கொள்ளக் கூடியவர் பிஸ்டலை வாங்கலாம். அவருடைய உழைப்புக்கு அது பலன் தரும். ஆண்டுக்கு ஒருமுறை சுடுவதே அரிது என்பவர், அதாவது உள்ளபடி சொன்னால் நம்மில் பெரும்பான்மையோர், மடக்கு ரிவால்வரோடு நிற்பது நல்லது. அதைக் கொண்டு அவர் நன்றாகச் சுடுவார் என்பதால் அன்று. எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் அது எந்த நிலையில் இருக்கிறது என்பதில் அவரால் தவறிழைப்பது கடினம் என்பதால். உரிமதாரர் ஒருவரின் வாழ்நாளில் துப்பாக்கியைச் சுட வேண்டிய தருணம் ஒருவேளை வராமலே போகலாம். எடுத்து, துடைத்து, கொடுத்து, வாங்கிப் பூட்டும் தருணங்கள் நூற்றுக்கணக்கில் வரும்.

பழைய துப்பாக்கியைக் கைமாற்றாக வாங்குபவர் மட்டும் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ரிவால்வரானால், காலி என்று உறுதிசெய்த பின் சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் நிற்பதற்குள் உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு உருளையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் மிகச் சிறிதாகவே இருக்க வேண்டும். மடக்கும் இடத்தில் தாழ்ப்பாள் தளர்ந்து, குழலை மேலும் கீழும் ஆட்ட முடிந்தால் அதை எடுக்க வேண்டாம். எவ்வளவு மலிவானாலும் சரி. சுத்தியலுக்கு உள்தடுப்பு இல்லாத மிகப் பழைய வகையானால், கீழே விழுந்தாலும் வெடிக்கக்கூடும் என்பதால், சுத்தியலுக்கு நேரான அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டும் நிரப்பும் அந்தக் கால வழக்கத்தையே பின்பற்ற வேண்டும். பிஸ்டலானால், துப்பாக்கியைவிட மேகசினை உற்றுப் பாருங்கள். அதன் வாய்விளிம்பு நெளிந்திருந்தாலோ அடித்து நிமிர்த்திய தடம் இருந்தாலோ, அந்தப் பிஸ்டலின் சிக்கல்கள் எல்லாம் அங்கேதான் தொடங்கும். உபரி மேகசின் ஒன்றும் சேர்த்துக் கிடைக்கிறதா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது; தனியே தேடினால் கிடைக்காது.

பெரியப்பா காலமானபின் அந்த ரிவால்வர் முறைப்படி என் அண்ணன் பெயருக்கு மாறியது. போன தேர்தலின்போது அவன் ஒப்படைக்கப் போன நிலையத்தில் புதிய எழுத்தர், மேசையில் கணினி. கேள்வி மட்டும் அதேதான். அண்ணனும் வாயைத் திறக்காமல் மடக்கிக் காட்டினானாம்.